மூன்று மீட்டர் இருபத்தேழு

பாடப்புத்தகத்தில் வருகிற உத்திரங்களெல்லாம் நல்ல பிள்ளைகள். நாலு மீட்டர் நீளம் இருக்கும், ஆறு மீட்டர் இருக்கும், மிஞ்சிப்போனால் நாலரை. மேலே ஏற்றுகிற பாரமும் பத்து, இருபது என்று ஒழுங்காக வந்து உட்காரும். வகுக்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்பதற்காக, பூமியில் எங்குமே இல்லாத வீடுகளை வாத்தியார்கள் கட்டிவைத்திருக்கிறார்கள்.

ராஜ்மோகனும் அப்படி ஒரு வாத்தியாராகத்தான் இருந்தான். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் துறை. சிவில் படிக்கப் பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே போய், வகுப்பில் மாணவர்களைவிட ஆசிரியர்கள் அதிகம் என்று ஆனதும், நிர்வாகம் துறையையே இழுத்து மூடிவிட்டது. கூட இருந்தவர்கள் இன்சூரன்ஸ், மனை வியாபாரம் என்று ஆளுக்கொரு பக்கம் பிழைத்துக்கொண்டார்கள். இவனுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? வாயைத் திறந்தால் உத்திரம், மூடினால் தூண்.

அதனால் கோவில்பத்து வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு இணையதளத்துக்குக் கணக்குப் போட்டுக்கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். எந்தெந்த ஊரிலோ இருக்கிற மாணவர்கள் தங்கள் வீட்டுப்பாடத்தை அதில் போடுவார்கள். இவன் கணக்கைப் போட்டு, விளக்கி எழுதி அனுப்புவான். கேட்டவர் யாரென்று இவனுக்குத் தெரியாது, எழுதியவன் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. எப்போதாவது ஒருவர் 'நன்றி' என்று போடுவார். அன்றைக்கு முழுக்க இவன் முகத்தில் ஒரு களை இருக்கும்.

சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மனைவி உமாமகேஸ்வரிக்குப் புதுச்சேரிக்கு மாற்றலாகி, மகளையும் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டாள். அவளுடைய அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். இவன் போய் நான்கு நாள் தங்கினால் சகலையின் முகம் சுருங்கும். முதலில் அவர்கள் வாராவாரம் வந்தார்கள், அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை, இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தாலாவது பேச்சு இருந்திருக்கும்.

தினமும் வாசலுக்கு வந்து குரல் கொடுக்கிற ஆள் ஒருவர்தான், காரைக்கால்மேட்டிலிருந்து மொபெட்டில் வருகிற மீன்காரர் காத்தமுத்து.

"என்ன சார், ஒத்த ஆளுக்கு அரைக் கிலோ சங்கரா எதுக்கு? பூனை வளக்குறீங்களா?" என்பார்.

"நாளைக்கும் சேத்துதான்யா."

"நாளைக்கு நான் வரமாட்டேனா? என்னமோ போங்க" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். மொபெட் சத்தம் தெருமுனையில் தேய்கிறவரைக்கும் ராஜ்மோகன் பையும் கையுமாக வாசலிலேயே நிற்பான்.

போன வருஷம் இணைய வேலையிலும் மண் விழுந்தது. கணக்கை இயந்திரமே போட ஆரம்பித்துவிட்டது. இவன் அதைச் சரிபார்த்து, 'சரி' என்கிற பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். விளக்கம் எழுத வேண்டாம், அறிவுரை சொல்லக் கூடாது, கேட்டவருடன் சொந்தப் பேச்சு கூடவே கூடாது. ஒரு பையனுக்கு 'பரீட்சை நல்லா எழுதுங்க' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்ததற்கு எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலையிலிருந்து நீக்கிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். பரீட்சை நல்லா எழுதச் சொல்வதுகூட இந்தக் காலத்தில் குற்றம்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அந்தக் கேள்வி வந்தது.

பார்த்ததுமே இவனுக்கு உற்சாகமாகிவிட்டது, ஏனென்றால் இவனுக்குப் பிடித்தமான வகை. உத்திரத்தின் ஒரு முனை சுவருக்குள் பொதிந்திருக்கிறது, மறு முனைக்குக் கீழே ஒரு தூண். பாரத்தில் சுவரின் பங்கு எவ்வளவு, தூணின் பங்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டால் கணக்கு பதில் சொல்லாது, முரண்டு பிடிக்கும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. தூண் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு, பாரத்தில் உத்திரத்தின் முனை எவ்வளவு தொங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் பாரத்தை மறந்துவிட்டு, தூண் மட்டும் கீழேயிருந்து முட்டினால் முனை எவ்வளவு எழும்பும் என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், தூண் நிற்கிற இடத்தில் உத்திரம் இறங்கியிருக்காது, ஆகவே தொங்கியதும் எழும்பியதும் சமம். தூணின் பங்கு தானாகக் கையில் வந்து விழும். வகுப்பில் இந்த இடம் வரும்போது "எடுங்கடா அந்தத் தூணை!" என்று ராஜ்மோகன் கத்துவான். கடைசி பெஞ்சு தூக்கம் கலைந்து சிரிக்கும்.

ஆனால் இந்த உத்திரத்தின் நீளம் மூன்று மீட்டர் இருபத்தேழு சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது.

எந்த வாத்தியார் மூன்று மீட்டர் இருபத்தேழு என்று கணக்குக் கொடுப்பான்? அகலம் இருநூற்று முப்பது மில்லிமீட்டர். அது நம் பக்கத்து ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் அகலம். உள்ளே இருக்கிற கம்பிகளையும் எழுதியிருந்தார்கள், அடியில் மூன்று தடிக்கம்பி, மேலே இரண்டே இரண்டு மெல்லிசுக் கம்பி. மேலே தளமும் ஒரு தண்ணீர் டேங்கும். ஆங்கிலத்தில் வந்த அந்தக் கேள்வியின் கடைசி வரி இது: 'தூணை எடுத்துவிட்டால் தாங்குமா? சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும்.'

வீட்டுப்பாடம் 'காண்க' என்று சொல்லும், 'நிறுவுக' என்று சொல்லும். தாங்குமா என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்காது. யாரோ டேப்பை வைத்து அளந்திருக்கிறார்கள். கார் நுழைய இடைஞ்சலாக நிற்கிற ஒரு முகப்புத் தூணாக இருக்கும், அதைச் சனிக்கிழமை கொத்தனார் வந்து தட்டி எடுக்கப்போகிறார். யாரோ ஒரு பிள்ளைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை, இங்கே வந்து கேட்டிருக்கிறது.

இயந்திரம் கணக்கைப் போட்டு வைத்திருந்தது. ஒரு தப்புக் கிடையாது. தூணின் பங்கு சரி. தூணை எடுத்தால் சுவரோரத்தில் உத்திரத்தை வளைக்கிற விசை நாலு மடங்காகும் என்பதும் சரி. விரிசல் இல்லாத, முறியாத உத்திரம் என்று எடுத்துக்கொண்டு, முனை ஏழரை மில்லிமீட்டர் இறங்கும் என்று முடித்திருந்தது. அதுவும் சரிதான். அங்கேதான் ராஜ்மோகன் நின்றுவிட்டான். ஏழரை மில்லிமீட்டர் என்றால் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இவ்வளவுதானே, எடுத்துவிடலாம் என்றுதானே நினைப்பார்கள்? நாலு மடங்கு விசை வந்தால் மேலே இருக்கிற அந்த இரண்டு கம்பியும் இழுபட்டு, சுவரோரத்தில் பிளந்து, டேங்கோடு மொத்தமும் கீழே வரும். கொத்தனார் அடியில்தான் நிற்பார்.

திரையின் ஓரத்தில், சரிபார்க்கக் கொடுத்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. ராஜ்மோகன் உமாமகேஸ்வரிக்கு போன் போட்டான். அவள் ஆபீசில் இருந்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல? உடம்புக்கு ஏதும்...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல உமா. ஒரு வீட்ல தூணை எடுக்கப் போறாங்க. எடுத்தா விழுந்துடும். நான் சொல்லணும். சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

"யாரு வீடு?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாது. கம்ப்யூட்டர்ல வந்த கணக்கு."

அந்தப் பக்கம் யாரோ கோப்பு கேட்கிற குரல் கேட்டது.

"ஊரு பேரு தெரியாதவங்க தூணுக்கு நீங்க ஏங்க கெடந்து அல்லாடுறீங்க? இருக்கறது இந்த ஒரு வேலை. நமக்கு எதுக்குங்க வம்பு? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றான். சாப்பிடவில்லை.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வேலையும் போனால் இந்த வீட்டில் காலையில் எழுந்து எதற்காகக் குளிப்பது? பொத்தானை அழுத்துகிற அந்த நேரத்தில்தான் தானும் ஒரு ஆள் என்கிற நினைப்பு அவனுக்கு இருந்தது. 'சரி' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தான். மூன்று மீட்டர் இருபத்தேழு என்று அளந்த கை எப்படிப்பட்ட கையாக இருக்கும் என்று யோசித்தான். டேப்பின் மறுமுனையை யார் பிடித்திருப்பார்கள்?

விரலை எடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தான். 'கணக்கு சரி. ஆனால் இது வீட்டுப்பாடம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏழரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். மேலே உள்ள கம்பி போதாது, சுவரோரம் உடைந்து விழும். தாளில்தான் தூணை எடுக்கலாம், வீட்டில் எடுக்கக் கூடாது. பொறியாளர் ஒருவரை நேரில் கூட்டிவந்து காட்டுங்கள்.' இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதினான். ஒன்பது அங்குலச் சுவர் திரும்ப நினைவுக்கு வர, நம் பக்கத்து ஆளாக இருந்தால் ஆகட்டும் என்று கடைசியில் தமிழிலும் ஒரு வரி போட்டான்: 'தயவுசெய்து தூணை எடுக்காதீங்க.'

அனுப்பினான். மறுநாள் அவனால் அந்தத் தளத்துக்குள் நுழைய முடியவில்லை. விதிகளை மீறியதால் நீக்கப்பட்டீர்கள் என்று இரண்டு வரி வந்திருந்தது. அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா, அதற்கு முன்பே அழித்துவிட்டார்களா என்று கேட்கவும் வழியில்லை.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. மழை வலுத்தால், எங்கோ ஒரு டேங்க் நிரம்பி வழிகிற நினைப்பு வந்துவிடும். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தான். கோவில்பத்தில் கார் முகப்பு உள்ள வீடு எதுவும் பாக்கியில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, உத்திரத்தையும் தூணையும் கண்ணாலேயே அளப்பான். மூன்று மீட்டர் இருக்குமா, கூட ஒரு சாண் இருக்குமா? ஒரு வீட்டு அம்மாள் வெளியே வந்து, "வாடகைக்குப் பாக்குறீங்களா? மாடி போர்ஷன் காலியாத்தான் இருக்கு. குடும்பம் எத்தனை பேருங்க?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, சும்மா" என்று நழுவினான். குடும்பம் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

காத்தமுத்துகூடக் கண்டுபிடித்துவிட்டார். "சார், உங்களப் பத்தித் தெருவுல கேக்குறாங்க. மாப்பிள்ளை பாக்க வந்தவரு மாதிரி வீடு வீடா நிக்கிறாராமே?"

இவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

தை பிறந்து, பொங்கலுக்கு வந்த மனைவியும் மகளும் திரும்பிப் போன வாரம், ஏதோ ஒரு ஊரில் வீட்டு முகப்பு இடிந்து ஒருவர் செத்துப்போனார் என்று செய்தித்தாளில் சின்னதாக வந்திருந்தது. நீள அகலமெல்லாம் செய்தியில் எங்கே போடுகிறார்கள்? அன்றைக்குக் காத்தமுத்து வாசலில் குரல் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ராஜ்மோகன் உள்ளேதான் இருந்தான். இனியும் தெரியாமல் இருக்க முடியாது என்று ஆனதும், மாணவர்கள் சேருகிற வழியாக, பெயரை மாற்றி அந்தத் தளத்துக்குள் நுழைந்தான். தேடுகிற இடத்தில் 3.27 என்று அடித்தான்.

கேள்வி இருந்தது. அதன் கீழே இயந்திரத்தின் பதில் மட்டும் இருந்தது, யாரோ 'சரி' போட்டிருந்தார்கள். இவன் எழுதியது இருந்த சுவடே இல்லை. இன்னும் கீழே தள்ளினான். கேட்டவர் தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

'இங்கே முதலில் வேறு ஒரு பதில் இருந்தது. அதைக் காட்டித்தான் அப்பாவிடம் சண்டை போட்டேன். அப்பா கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்து, நல்லவேளை என்று சொன்னார். தூணை எடுக்காதீங்க என்று தமிழில் எழுதினவர் எங்கே? அவர் பதிலைக் காணோமே. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.'

யாரும் சொல்லியிருக்கவில்லை. குறிப்பு கார்த்திகை மாதம் எழுதப்பட்டது.

ராஜ்மோகன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். வாய்விட்டு அழுதான். அடக்குவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நான்தான், கோவில்பத்தில் இருக்கிறேன்' என்று அடித்து அழுத்தினான். கேள்வி கேட்டவரும் நிபுணர்களும் மட்டுமே இங்கே எழுதலாம் என்று தளம் திருப்பியடித்தது. வேறு மாதிரி எழுதிப் பார்த்தான், வேறு இடத்தில் எழுதிப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வந்தது.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். போனை எடுத்து உமாமகேஸ்வரியைக் கூப்பிட்டான். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அக்காவும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உமா, அந்தத் தூணை எடுக்கலையாம்!"

"எந்தத் தூணுங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.