எந்தக் கோடு நகர்ந்தது

அண்ணன் புதுச் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். "சூப்பர்மா. வலியே இல்ல." தங்கைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

செயற்கைக் கால்களுக்குக் கணினியில் வடிவம் வரைவது அவள் வேலை. விபத்தில் முழங்காலுக்குக் கீழே போன அவன் காலுக்கும் அவள்தான் வரைந்தாள். இரண்டு வருடமாகக் கேட்டபோதெல்லாம் "பரவால்ல" என்றவனின் முழங்கால் மடிப்பிலிருந்த புண்ணைப் போன மாதம்தான் தற்செயலாகப் பார்த்தாள். அன்று அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். பிறகு கணினியில், கால் நுழையும் கிண்ணத்தின் விளிம்புக்கோட்டை நகலெடுத்து, பழையது அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, நகலைப் பின்பக்கம் நான்கு மில்லிமீட்டர் தாழ்த்தினாள். முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு வந்ததுதான் இந்தக் கிண்ணம்.

கோப்பைச் சேமிக்க உட்கார்ந்தவள் விளிம்பைச் சொடுக்கியதும், இரண்டில் எது வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்த இரண்டு கோடுகளும் மடிப்பருகே மட்டும் பிரிந்தன. திரையில் கிண்ணத்தின் பரப்பைத் தொட்டாள். அதோடு இணைந்ததாக ஒளிர்ந்தது பழைய கோடு. நகல் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றது. இத்தனை நாளும் அந்தத் தாழ்ந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்படியானால் அவன் மாட்டியிருப்பது?

"அண்ணா, நிஜமாவே வலிக்கலயா?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா?"

"ரெண்டு வருஷமா சொன்னியா?"

அவன் சிரித்தான். "ஒரு வாரமா கண்ணு பூத்துப்போக உக்காந்து செஞ்சியே, அதுலயும் வலிக்குமா?"

"கழட்டு, பாக்கறேன்."

"இப்பதானே மாட்டினேன்! இரு, ரோட்டுல ஒரு நடை நடந்துட்டு வரேன்."

அவன் போனதும் பழைய கிண்ணத்தை எடுத்து அளந்து, புதியதை அச்சிட்ட கோப்போடு ஒப்பிட்டாள். இம்மியும் மாற்றமில்லை. பொய் சொல்கிறானா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நிஜமாகவே வலி போயிருந்தால், உண்மையைச் சொன்னதும் திரும்பி வந்துவிடுமா? வலியே இல்லை என்பவனிடம் இன்னொரு கிண்ணத்தை என்ன சொல்லி நீட்டுவது? ஒன்றும் பிடிபடாமலேயே பரப்பை நகலோடு இணைத்தாள். இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்து அச்சுக்கு அனுப்பினாள்.

ஜன்னலுக்கு வந்தாள். எதிர்ச்சாரி நடைபாதையின் ஓரத்தில் அவன் நின்றிருந்தான். விளக்கு மாறியது. கூட்டம் சாலையில் இறங்கியது. வலி இருந்தால் இறங்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். அவன் எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு பேருந்து வந்து அவளுக்கும் அவனுக்கும் நடுவே நின்றது.