தம்பிதுரை அட்டையில் பாவாத்தாள் முகம்

வாக்காளர் அட்டை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பாவாத்தாள் கயிறு மில்லில் பாதி வேலையில் எழுந்துகொண்டாள். சேலையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிக்கொண்டே அட்டை கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். ஊரில் வேறு யாருக்கும் அந்த அவசரம் இல்லை. அவளுக்கு இருந்தது.

போன தேர்தலில் வெயிலில் வரிசை நின்று உள்ளே போனவளை, "உங்க ஓட்ட அப்பவே போட்டாச்சேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போட்டது யார் என்று கேட்க வாய் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது. அதனால்தான், இனிமேல் பெயரோடு முகமும் இருக்கும், கம்ப்யூட்டரில் படம் பிடித்து அட்டை தருவார்கள் என்றதும் அவளுக்கு உயிர் வந்தது போலிருந்தது. படம் பிடித்த அன்று தலை வாரிப் பூ வைத்துக்கொண்டுதான் போனாள்.

இப்போது அட்டையை வாங்கிப் பார்த்தாள். பெயர் சரி. கணவன் ஐயாசாமியின் பெயரும் சரி. முகம் மட்டும் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாளுடையது.

"இதென்னுங்க, என்ற பேருல சென்னியம்மாக்கா இருக்கறாங்க?"

"கம்ப்யூட்டர் அப்படிக் குடுத்திருக்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அட்டை கொடுத்த தலையாரி.

சாயங்காலம், அதே தெருவில் இருக்கும் லாரி டிரைவர் தம்பிதுரை தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க மூஞ்சி என்ற அட்டையில இருக்குதுங்க. எனக்கு இன்னும் கலியாணங்கூட ஆகலீங்க. இத எங்கீங்க வெளிய காட்டறது?"

ஐயாசாமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பாவாத்தாளுக்குக் கண் கலங்கியது.

"சிரிக்காதீங்க. இந்தத் தடவையும் என்னையத் திருப்பித்தான் அனுப்பப் போறாங்க."

மறுநாள் காலை பாவாத்தாள், சென்னியம்மாள், தம்பிதுரை மூவரும் கிணத்துக்கடவு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறித் தாலுக்கா ஆபீசுக்குப் போனார்கள். துணைத் தாசில்தார் அழகிரிசாமி அட்டைகளைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார்.

"உங்க ஊருல பாதிப் பேருக்கு இப்படித்தான் வந்திருக்குதாம். எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எலெக்‌ஷன் முடியட்டும், பாக்கலாம்."

"எலெக்‌ஷனுக்குத்தானுங்களே அட்டை? முடிஞ்சதுக்கப்புறம் அத வெச்சு நான் என்னுங்க பண்றது?"

பாவாத்தாள் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அவள் குரல் உடைந்ததில் அவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "வாங்க" என்று கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். உள்ளே மார்கழி மாதம் போலக் குளிர்ந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பாவாத்தாளுக்கு அடையாளம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் படம் பிடித்தவள். கிருபா என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மூன்று அட்டைகளையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தாள். சென்னியம்மாளின் அட்டையில் அவள் முகமே இருந்தது, ஆனால் கண் மூடியிருந்தது.

"ஏனுங்க்கா, உங்கள ரெண்டு வாட்டி படம் புடிச்சனா?"

"ஆமா கண்ணு. வெளிச்சம் அடிச்சதும் கண்ண மூடிப்போட்டேன். நீதான் இன்னொருக்கா பாருங்கன்னு சொன்னே."

கிருபா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மொதப் படத்த அழிக்காம உட்டுட்டனுங்க சார். அதுதான் இவங்க பேருக்குப் போயிருக்குது. ரெண்டாவது படம் அடுத்த பேருக்குப் போயிருச்சு. அங்கிருந்து படம் புடிச்ச வரிசையில எல்லார் மூஞ்சியும் ஒவ்வொரு பேரு தள்ளித் தள்ளி உக்காந்திருக்குதுங்க."

சொல்லிக்கொண்டே பட்டியலின் கடைசிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே கடைசி வீட்டுப் பழனாத்தாளின் முகம் பெயரே இல்லாமல் தனியாக நின்றது.

"அப்ப அந்த ஒண்ண எடுத்துட்டா?" என்று கேட்டார் அழகிரிசாமி.

"எல்லாம் மேல ஏறிக்கும் சார்."

"செய்யி. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

கிருபா கண் மூடிய படத்தை அழித்தாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு சென்னியம்மாள் கண் திறந்து தன் பெயருக்கு வந்தாள். அவளுக்குக் கீழே, பாவாத்தாள் என்ற எழுத்துக்குப் பக்கத்தில், பூ வைத்த பாவாத்தாள் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பத்தானுங்க நானு!" என்றாள் பாவாத்தாள். பெரிய ஆபீசர் நிற்கிறார் என்பதையும் மறந்து கைதட்டிவிட்டாள். தம்பிதுரை தன் மீசையைத் திரையில் பார்த்து, அப்பாடா என்று பெருமூச்சு விட்டான்.

மூன்று பேருக்கும் அங்கேயே அட்டை அச்சாகி, பிளாஸ்டிக் உறை ஒட்டி, சூடாகக் கைக்கு வந்தது. மற்றவர்களுக்குத் தேர்தலுக்கு முன்பே ஊருக்கு வந்து மாற்றித் தருவதாகக் கிருபா சொன்னாள். சொன்னபடியே அழகிரிசாமியோடு ஜீப்பில் வந்து கொடுத்துவிட்டும் போனாள்.

தேர்தலன்று சித்திரை வெயில் ஏறுவதற்குள் பாவாத்தாள் வரிசையில் போய் நின்றாள். உள்ளே மேசைக்காரர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"கைய நீட்டுங்கம்மா."

விரலில் மை பட்டபோது ஜில்லென்றிருந்தது. டில்லி பார்லிமென்டுக்கு ஒரு சீட்டு, மெட்ராஸ் சட்டசபைக்கு ஒரு சீட்டு. அட்டை மறைப்புக்குப் பின்னால் நிதானமாக முத்திரை குத்தினாள், மடித்தாள், பெட்டியில் போட்டாள். வெளியே வந்ததும் குழாயடிச் சிமென்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஏறியிருந்த பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஐயாசாமி பதறிக்கொண்டு வந்தான். "என்னாச்சு? போட்டாச்சா?"

"போட்டுப்போட்டேனுங்க. ரெண்டும்."

"யாருக்குப் போட்டே?"

"அத எதுக்குங்க உங்களுக்குச் சொல்லோணும்?" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து முகம் நிறையத் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டாள் பாவாத்தாள்.