மூலைப் பாத்தி

பண்ணையில் எல்லோரும் அவரைச் 'சீப்பு' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல. விதைப் பண்ணையில் வயல் மேற்பார்வையாளர். நெல் வயல் என்றால் வாரிவிட்ட தலை மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு. ஒரு பயிர் பக்கத்துப் பயிரைவிட நாலு விரல் உயர்ந்து நின்றாலோ, இலையின் நிறம் மாறியிருந்தாலோ அது கலவன், வேரோடு பிடுங்க வேண்டும். விதைக்கு விடும் வயலில் அப்படித்தான் செய்தாக வேண்டும், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷமாக அவர் கண்ணுக்குத் தப்பிய கலவன் இல்லை.

அன்று பதினொரு மணிக்கு இயக்குநர் பார்வையிட வருகிறார். ஏழு மணிக்கே சீப்பு வரப்பு வரப்பாக நடந்து கடைசி மூலைப் பாத்திக்கு வந்து சேர்ந்தார். பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு செடி நிற்கிறது, ஒரு செடி படுத்திருக்கிறது, கதிரெல்லாம் முள் முள்ளாக மயிர்.

"யாரும்மா இதை இப்படி விட்டு வெச்சது? மொத்தத்தையும் பிடுங்கு."

களையெடுக்கும் பெண்களில் மூத்தவள், பண்ணைக்கே அக்கா, குனிந்தவள் நிமிர்ந்தாள். "ஐயா, இது ஆராய்ச்சி மேடம் நட்டது. ஓரத்துல குச்சியில சீட்டு கட்டியிருக்கு பாருங்க."

நின்ற இடத்திலிருந்து பார்த்ததில் சீட்டில் மழையில் கரைந்த நாலு எண்கள்தான் தெரிந்தன; கீழே இருந்த பொடி எழுத்தைக் குனிந்து படிக்கவில்லை. ஆராய்ச்சிப் பாத்தி என்றால் ஆராய்ச்சிக் கட்டடத்துக்குப் பின்னால்தானே இருக்கும்? "முப்பது வருஷமா கலவன் பிடுங்குறேன். நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்றார். அக்கா குனிந்து பிடுங்க ஆரம்பித்தாள்.

பிடுங்கியதெல்லாம் வழக்கமாக எருக்குழிக்குத்தான் போகும். ஆனால் இயக்குநர் வரும் வழியிலேயே எருக்குழி இருந்தது. அதனால் சீப்பு டிராக்டர்காரரைத் தனியாக அழைத்து, வேலிக்கு அப்பால் இருக்கும் காய்ந்த வாய்க்காலில் கொட்டிவிட்டு, அப்படியே உரம் ஏற்றிவரப் போகச் சொன்னார். இயக்குநர் வந்தார், பார்த்தார், "வயல் பளிச்சுன்னு இருக்கே" என்றார். சீப்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தக் குளிர்ச்சி பன்னிரண்டு மணி வரைதான். ஆராய்ச்சியாளர் வந்து வெறும் பாத்தியின் முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"கழிமுகத்துல, உப்புத் தண்ணியிலயே வளர்ற காட்டு நெல் ஒண்ணு இருக்கு சார். சாப்பிட ஆகாது, மணி கையில தங்காது, உதிர்ந்துடும். ஆனா உப்பைத் தாங்குற மரபணு அதுகிட்டதான் இருக்கு. அதை நம்ம நெல்லோட சேர்க்க ஆறு வருஷம் ஆச்சு. ஆயிரக்கணக்குல செத்துப்போயி, உப்பையும் தாங்கி மணியும் பிடிச்சது இந்த நாற்பத்து மூணு செடிதான். இந்த மூலையில ஊறுறது உப்புத் தண்ணி, அதான் இங்க நட்டேன். இன்னும் விதைகூட எடுக்கல."

சீப்பின் கண் வேலிப் பக்கம் போய்த் திரும்பியது.

"வேரோட வந்திருந்தா, உடனே தண்ணியில வெச்சா பிழைக்கும். எங்க போட்டீங்க?" என்று கேட்டாள் அவள்.

ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாதம். பக்கத்தில் பண்ணை மேலாளர் முறைத்துக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாது மேடம். களையெடுக்கிறவங்க தெரியாம பிடுங்கிட்டாங்க போல" என்று சீப்பின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் சீப்பை ஒரு தடவை பார்த்தாள். "நான்தான் பிடுங்கினேன்" என்றாள், அது பொய்யில்லை. எங்கே போட்டாய் என்றதற்கு, டிராக்டரில் போனது, எருக்குழிக்குத்தான் போயிருக்கும் என்றாள். "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். டிராக்டர்காரரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

உச்சி வெயிலில் ஆராய்ச்சியாளர் எருக்குழியில் இறங்கிக் கையால் கிளறினாள். வேலை போன அக்காவும் சேலையைச் செருகிக்கொண்டு கூடவே இறங்கினாள். சீப்பும் தேடுவதுபோல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரம். பாவம், அவரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதிலிருந்து இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேலை போச்சுன்னு சொல்லிட்டாங்க. நீ எதுக்கும்மா கிடந்து அல்லாடுற?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"எங்க நிலத்துல உப்பு ஏறித்தான் ஐயா நான் கூலிக்கு வந்தேன்" என்றாள் அக்கா கையை நிறுத்தாமல். "எனக்கு இந்த வேலை போனா இன்னொரு வயல்ல களை எடுப்பேன். அந்தச் செடி போச்சுன்னா, இன்னும் எத்தனை பேரு நிலத்தை விட்டுட்டு என்கூட வந்து நிக்கணுமோ."

சீப்பு எழுந்தார். "மேடம், அங்க இல்ல. வேலிக்கு வெளியே காஞ்ச வாய்க்கால்ல கிடக்கு. கொட்டச் சொன்னதும் நான்தான், பிடுங்கச் சொன்னதும் நான்தான். வேண்டாம்னு இந்தம்மா சொன்னாங்க."

மூவரும் ஓடினார்கள். மேலே கிடந்த செடிகள் சருகாகியிருந்தன. அடியில் கிடந்தவற்றை வாளிகளில் வைத்து நிழலுக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் கழித்துப் பன்னிரண்டு செடிகளில் புதுக் குருத்து வந்தது. முப்பத்தொன்று போய்விட்டது.

"நான் கேட்ட உடனே எடுத்துத் தண்ணியில வெச்சிருந்தா பாதிக்கு மேல பிழைச்சிருக்கும்" என்றாள் ஆராய்ச்சியாளர். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்.

குருத்து வந்த அன்று காலை, எல்லோரும் கூடியிருந்த இடத்தில், மேலாளர் முன்னிலையில், சீப்பு பேசினார். "தெரியாம பிடுங்கச் சொன்னது தப்பு. அதைக்கூட மன்னிக்கலாம். அந்தப் பழியை இந்தம்மா தலையில கட்டிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அந்த நேரத்துலதான் செடிங்க செத்துச்சு. நம்ம தப்பை நமக்குக் கீழ இருக்கிறவங்க மேல தள்ளிவிட்டா, அதைச் சரிபண்ற நேரமும் கையை விட்டுப் போயிடும். எனக்கு என்ன தண்டனையோ அதைக் குடுங்க. அவங்களை வேலைக்குக் கூப்பிடுங்க." பிறகு, செடிகளைப் பார்க்க வந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

அக்கா வாளியில் இருந்த செடியைச் சரியாக நிமிர்த்தி வைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் ஐயா. கூலிக்காரி சொல்றாளேன்னு தள்ளாம, அன்னிக்கு நான் சொன்னப்பவே குனிஞ்சு அந்தச் சீட்டைப் படிச்சிருந்தா, இன்னிக்கு நாற்பத்து மூணும் நின்னிருக்கும்."