கூட்டின் முன்கொம்பு

கிறகரிக்கு வெள்ளைக்காரரிடம் இருந்த மரியாதை, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஸ்கொட்லாந்துக்காரரின் மண்டபமொன்றில் கோப்பை கழுவப் போன முதல் பனிமாரியிலேயே கரைந்துபோயிற்று. தை மாதம் அவர்களுக்கு ஒரு மத்தியான விருந்து நடந்தது. முழங்கால் தெரியப் பாவாடை கட்டிய கிழவர்கள் கூடியிருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் கம்பெல் வம்சத்துக்காரர் ஒருவரை இருத்திவிட்டார்கள் என்று மக்டொனால்ட் வம்சத்துக் கிழவர் ஒருவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

சமையற்காரன்தான் காரணம் சொன்னான். கிளென்கோ என்ற பள்ளத்தாக்கில், கம்பெல் ஒருவனின் தலைமையில் வந்த பட்டாளம் மக்டொனால்ட் வீடுகளில் இரண்டு கிழமை விருந்துண்டு, ஒரு விடியற்காலையில் சோறு போட்டவர்களையே வெட்டிச் சாய்த்ததாம். நடந்தது 1692இல்.

பின்னேரம் கிறகரி வீட்டுக்கு வந்து மனைவி செலீனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"முந்நூறு வருசமாம், செலீன்! எலும்பும் உக்கிப்போயிருக்கும். விசர்ச் சனம்!"

புட்டு அவித்துக்கொண்டிருந்த செலீன் சிரிக்கவில்லை. "நாளைக்கு அருமைநாதன் அண்ணையின்ரை அகதி விசாரணை. சாட்சிக்குப் போறியளோ?"

"வடக்குத்துறையானுக்கு நான் சாட்சி சொல்லுறதோ? எங்கடை பெரியப்பாவின்ரை பல்லை உடைச்சவங்கள்!"

பெரிய வீரவரலாறுதான். மன்னார்க் கரையில் வடக்குத்துறையும் கிறகரியின் தெற்குத்துறையும் மீன்பிடி ஊர்கள், ஒரே கோவில் சனம். திருநாளில் மாதாவின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் தூக்கும்போது முன்பக்கம் தாங்கும் முன்கொம்பு யாருக்கு என்று ஒருமுறை துடுப்பால் அடிபட்டார்கள். மாதா நடுத்தெருவில் நின்றார். அன்றிலிருந்து பேச்சில்லை, சம்பந்தமில்லை. இப்போது இரண்டு துறையையும் ஆமி எரித்துவிட்டது, கோவிலுக்குக் கூரையுமில்லை. முன்கொம்பு மட்டும் பத்திரமாகக் கிறகரியின் தலைக்குள் மொன்றியலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அருமைநாதனின் வீடு எரிந்ததைக் கண்ணால் கண்டவன் இந்த நகரத்தில் கிறகரி ஒருவன்தான். அவன் வாய் திறக்காவிட்டால் அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது கிறகரிக்கு நன்றாகவே தெரியும்.

செலீன் அடுப்பை அணைத்தாள். "அந்தக் கம்பெல் ஆக்கள் எவ்வளவு நாள் சாப்பிட்டவை?"

"ரெண்டு கிழமை."

"நீங்கள் அருமைநாதன் அண்ணை வீட்டிலை?"

விமானநிலையத்தில் நாதியற்று நின்ற கிறகரியைக் கூட்டிப்போய், முந்தின வருச மாரி முழுக்க வைத்துச் சோறு போட்டவர் அவர். அப்போதெல்லாம் வடக்கு தெற்கு பார்க்கவில்லை. சொந்த வீடும் சம்பளமும் வந்த பிறகுதான் ஐயாவுக்கு முன்கொம்பு ஞாபகம் வந்தது.

"அவங்கள் வாளாலை வெட்டினவங்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு வெட்டப் பாக்கிறியள்."

"அதுவும் இதுவும் ஒண்டோ? இது மாதாவின்ரை கூடு!" என்று கத்தினான். கத்திய பிறகு அது அவன் காதுக்கே கேவலமாகக் கேட்டது. "நான் கடைக்குப் போட்டு வாறன்" என்று கதவடிக்குப் போய்க் குளிர்க் கோட்டை எடுத்தான்.

"அதை ஆணியிலை கொழுவிப்போட்டுப் போங்கோ. அது வடக்குத்துறையான் வாங்கித் தந்த கோட்டு."

யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டைப் போடவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"எத்தினை மணிக்கு விசாரணை?" சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

"ஒன்பதுக்கு" என்றாள் செலீன். "அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு போங்கோ."