கிறுக்கன் ஓடை

"நீலப் பெயிண்டைச் சுரண்டினது யாரு?"

கேட்டுக்கொண்டே கூடத்துக்குள் வந்தார் அத்தான். கையில் உளியோடு தரையில் உட்கார்ந்திருந்த சின்னவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான்தான். பார்த்து வாங்க அத்தான், மலையை மிதிச்சிடாதீங்க."

தகரக் கூரை போட்ட அந்தக் கூடம் முழுக்க ஓர் ஆறு படுத்திருந்தது. மலையிலிருந்து கடல் வரை ஒரு வளைவுகூட விட்டுப் போகாமல் சிமெண்டில் இழைத்த மாடல். பம்ப்பை முடுக்கினால் ஒரு மூலையில் தண்ணீர் புறப்பட்டு, மறு மூலையில் கடல் என்று வைத்திருந்த தொட்டியில் போய் விழும். அணை கட்டினால் என்ன ஆகும், கரையை உயர்த்தினால் என்ன ஆகும் என்று முதலில் இங்கேதான் விட்டுப் பார்ப்பார்கள். சின்னவள்தான் இந்தக் கூடத்துக்குத் தலைமைப் பொறியாளர்.

நிஜ ஆறு சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கடலில் விழும் வரை ஓர் அணையையோ மதகையோ கண்டிராத ஆறு. அதில் முக்கால்வாசித் தண்ணீரை மலையடிவாரத்திலேயே மறித்து, சுரங்கம் வழியாகத் தொலைவிலிருக்கும் பெருநகரத்துக்குத் திருப்பிவிட ஒரு திட்டம். அதற்கு முதன்மைப் பொறியாளர் வேறு யாருமில்லை, சின்னவளின் அக்காள் புருஷனான இந்த அத்தானேதான். இன்று விசாரணைக் குழு வருகிறது. மாடலைப் பார்த்துவிட்டு இங்கேயே முடிவு சொல்லப்போகிறது. சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் மலையில் வெடி வைத்துவிடுவார்கள்.

"கிறுக்கன் ஓடையை எதுக்கும்மா தோண்டியிருக்கே?"

ஊருக்குச் சற்று மேலே ஆற்றில் வந்து சேரும் ஓடை அது. வருஷத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். மழை பிடித்துக்கொண்டால் மலைமண்ணை அள்ளிக்கொண்டு தலைகால் புரியாமல் இறங்கும். திட்ட அலுவலகத்து வரைபடத்தில் அதற்கு வெறும் புள்ளிக்கோடுதான். மாடல் செய்தபோது, புள்ளிக்கோட்டுக்குப் பள்ளம் எதற்கு என்று சிமெண்டின் மேல் நீலப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். சின்னவள் உட்பட எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார்கள். போன வாரம்தான் அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. பெயிண்டில் தண்ணீர் ஓடாது!

"மழையில அவன் வெறுங்கையோட வர்றதில்லையே அத்தான், மண்ணோட வர்றான். மாடல் தண்ணிக்கு நிஜ மண்ணு கனம், தள்ள முடியாது. அதான் கரித்தூள் நிரப்பி வெச்சிருக்கேன்."

"குழு வெள்ளைச் சட்டையில வருது. நீ கரி பூசி அனுப்பப் பார்க்கறே."

"அவங்களுக்கு இல்ல, உங்க திட்டத்துக்கு."

"அடேயப்பா! சீட்டாட்டத்துலகூட நீ இவ்வளவு திமிரா பேசினதில்லையே."

"அங்க நீங்க முழுக்கைச் சட்டைக்குள்ள சீட்டை ஒளிச்சு வெச்சிருப்பீங்க. இங்க எல்லாம் தரையில கிடக்கு."

குழு வந்தது. தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி. குள்ள உருவம், கணீர்க் குரல். பின்னாலேயே ஊர்க்காரர்கள் வந்து பெஞ்சுகளை நிறைத்தார்கள். முன்வரிசையில் சின்னவளின் அக்காள், பெரியவள். ஆற்று வளைவில் வீடு வாங்கிய சந்தோஷத்தில், தீப்பெட்டியில் குட்டி வீடு செய்து, சிவப்புக் கூரை ஒட்டி, மாடலில் சரியாக அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனவள்.

முதல் ஓட்டம் அத்தானுடையது. கிறுக்கனை அடைத்துவிட்டு, மலையடிவாரத்தில் தண்ணீரைத் திருப்பினார்கள். ஆறு மெலிந்து நூலாகி, அப்படியும் ஊர்ந்து ஊர்ந்து கடலைத் தொட்டது.

"பாருங்க, ஆறு சாகல. கொஞ்சம் இளைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார் அத்தான்.

"நீங்களும் கொஞ்சம் இளைச்சா நல்லதுதான்" என்று பெரியவள் முணுமுணுத்தது தலைவிக்கே கேட்டுவிட்டது.

அடுத்தது சின்னவளின் முறை. "முதல்ல ஆறு இப்ப இருக்கிற மாதிரி. கிறுக்கனைத் திறங்க அண்ணே!"

பம்ப்காரர் திறந்தார். கரித்தூள் கருகருவென்று இறங்கி வந்தது. முழு வெள்ளத்தில் இருந்த ஆறு அதை ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போய்க் கடலில் கொட்டியது.

"இப்ப முக்கால்வாசியைத் திருப்புங்க. ஓடையில அதே மழைதான்."

மறுபடி கரி இறங்கியது. இளைத்த ஆற்றுக்கு அதைத் தள்ளத் தெம்பில்லை. ஓடை சேரும் இடத்தில் கரி குவிந்தது, மேடாயிற்று, ஆற்றின் குறுக்கே கறுப்பு வரப்பாக நின்றது. பின்னால் தேங்கிய தண்ணீர் கரையேறி ஊருக்குள் புகுந்தது. சிவப்புக் கூரை தீப்பெட்டி ஆடி அசைந்து மிதக்க ஆரம்பித்தது.

"என்னங்க, நம்ம வீடு போகுதுங்க!"

கூடமே சிரித்தது. அடுத்த கணம், வளைவில் வீடு வைத்திருந்த ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

திட்டத்தின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கரித்தூளும் மண்ணும் ஒண்ணா? இது சின்னப் பிள்ளை விளையாட்டு!"

தலைவி அவரைக் கண்டுகொள்ளாமல் அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இந்த மாடல் தப்பா?"

தப்பு என்று ஒரு வார்த்தை போதும், மலையில் வெடி வைத்துவிடலாம். வக்கீல் அத்தானையே பார்த்தார், பெரியவள் பார்த்தாள், ஊரே பார்த்தது. சின்னவள் மட்டும் வாளித் தண்ணீரில் நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் சீட்டில் ஏமாற்றுவார். கணக்கில் இதுவரை ஏமாற்றியதில்லை.

அத்தான் ஓடையோரம் குந்தினார். கரித்தூளைக் கிள்ளி விரலிடுக்கில் தேய்த்தார். ஓடையின் சரிவைக் கண்ணால் அளந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி.

"மாடல் சரியா இருக்குங்க. வரைபடம்தான் தப்பு. இந்த ஓடையை நாங்க கணக்குலயே சேர்க்கல."

"சார்!" என்றார் வக்கீல்.

"சும்மா இருங்க சார். அந்த மண்ணைத் தள்ள முழு வெள்ளமும் வேணும். கால்வாசி ஆத்தால ஆகாது."

"நகரத்துக்குத் தண்ணி?" என்றார் தலைவி.

"நகரத்துக் குழாயில பாதித் தண்ணி வழியிலேயே ஒழுகுதும்மா" என்றாள் சின்னவள். "முதல்ல அதை அடைக்கட்டும். அதுக்கு எங்க அத்தானைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டாங்க."

அத்தான் முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை.

தலைவி பக்கத்தில் இருந்தவர்களோடு சிறிது நேரம் பேசிவிட்டு எழுந்தார். "திட்டத்துக்கு அனுமதி இல்லை. ஆறு இருக்கிறபடியே ஓடட்டும்."

பெஞ்சுகளில் எழுந்த கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. பம்ப்காரர் சுவிட்சை அணைத்தார். கூடத்து ஆறு அடங்கியது. கூச்சலும் ஓய்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்துச் சலசலப்பு தெளிவாகக் கேட்டது.

பெரியவள் ஈரத் தீப்பெட்டியை எடுத்து உதறிப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"முகத்தைக் கழுவுங்க" என்றாள் புருஷனிடம்.

"இருக்கட்டும்" என்றவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் சீட்டு உண்டா இல்லையா?"

"உண்டு அத்தான். அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க."