ஐம்பது மீட்டர் அகலக் கோடு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஊரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, அரசு, தேசம், எல்லை என்ற மூன்றையும் மூன்று பக்கத்தில் விளக்கி ஒரு கட்டுரை கேட்டார். "நீங்கதான் அங்க எல்லைக்குப் பக்கத்துலயே இருக்கீங்களே" என்றார். கடற்கரையில் குடியிருப்பவனுக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று நம்புகிற ஆள் போலிருக்கிறது. ஒத்துக்கொண்டேன். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக்கு மருத்துவம் படிக்க வந்து, முதலாண்டிலேயே பிணத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, நம் ஊர் மாணவர்களுக்கு மெஸ் வைத்துச் சோறாக்கிப் போட்டே இருபத்தொரு வருடத்தை ஓட்டிவிட்டவன் நான். எனக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா?

இப்படித் தொடங்கினேன்:

அரசு என்பது நிலம், மக்கள், ஆட்சி, இறைமை ஆகிய நான்கும் கொண்ட அமைப்பு. தேசம் என்பது தங்களை ஒரே கூட்டம் என்று நம்புகிற மக்கள். எல்லை என்பது ஓர் அரசு முடிந்து இன்னோர் அரசு தொடங்குகிற, அகலமே இல்லாத

[இந்த வாக்கியம் முடியவில்லை. முடிக்கவும் போவதில்லை.]

அந்த நேரம் பார்த்து சைகல் உள்ளே வந்தாள். மெஸ்ஸுக்கு உலர்ந்த ஆப்ரிகாட் கொண்டு வருகிறவள். நாற்பத்தேழு வயது. வாயைத் திறந்தால் மூட லேசில் முடியாது. என்ன எழுதுகிறாய் என்றாள். சொன்னேன்.

"அகலமே இல்லையா? என் வீடு, மாட்டுக் கொட்டகை, பதினாலு மரம், என் புருஷன் தொப்பை, எல்லாம் அதுக்குள்ளதானே தம்பி இருக்கு!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை இதுதான்.

2

சைகல் சொன்னது பொய்யில்லை. எகி-அரிக் கிராமத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது அவள் வீடு. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நாடு. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஓர் அதிகாரி, ஒன்றுக்கு ஒரு லட்சம் அளவுள்ள வரைபடத்தில், மழுங்கிய பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். அதைத் தரையில் விரித்தால் ஐம்பது மீட்டர். பிறகு ஒரே நாடு பல நாடுகளானபோது, அந்தக் கோட்டுக்குக் கிழக்கே கிர்கிஸ்தான், மேற்கே உஸ்பெகிஸ்தான் என்றார்கள். கோட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

(அந்த அதிகாரிக்கு மீசை வைத்து, காதல் தோல்வி கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். எல்லையைக் கோணலாக்கக் காதல் தோல்வியெல்லாம் எதற்கு? மத்தியானத் தூக்கம் போதும்.)

3

அவள் கணவன் எர்காஷ் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவனைச் சாதுவாக, பண்பாளனாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் சைகல் கையை உதறினாள்.

"இது எந்த வீட்டு ஆம்பள? எங்காளு விடற கொறட்டையில மாடு மெரண்டு ஓடும். அத எழுது."

எழுதிவிட்டேன். சைகல் கிர்கிஸ்காரி, குதிரையில் அலைந்த இனம். எர்காஷ் உஸ்பெக், ஒரே இடத்தில் குடியிருந்து சோறாக்கித் தின்ற இனம்; கோட்டுக்கு மேற்கே, ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து இவளைக் கட்டிக்கொண்டு இருபத்து நாலு வருடம் ஆகிறது. "குதிர மேல பொறந்தவளுக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா?" என்பான் அவன். "சோத்துச் சட்டிக்குள்ள பொறந்தவனுக்கு வேற என்ன தெரியும்?" என்பாள் இவள். தேசம் என்ற கருத்தைப் பற்றி இவர்கள் இருவருக்கும் இடையே நடந்த விவாதம் மொத்தமே இவ்வளவுதான்.

ஆனால் கடவுச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது. அவளுடையது கிர்கிஸ்தான், அவனுடையது உஸ்பெகிஸ்தான். வீடு கிழக்கே போனால் எர்காஷ் தன் வீட்டிலேயே அந்நியன். அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். மேற்கே போனால் சைகலுக்கு அதே கதி. (அறுபது நாள் என்பது இந்தக் கதையின் சட்டம். வக்கீலைக் கேட்டு என்னை மாட்டிவிடாதீர்கள்.) யாராவது ஒருவர் குடியுரிமையை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். விண்ணப்பத்தில் முகவரி எழுத வேண்டும், முகவரிக்கு ஒரு நாடு வேண்டும் என்றாள்.

4

போன இலையுதிர் காலத்தில் கூட்டு எல்லைக் குழு வந்து சேர்ந்தது. கிர்கிஸ் தரப்பு நில அளவையர் தெமிர்பெக், உஸ்பெக் தரப்பு நில அளவையர் ஹிக்மதுல்லா, இரண்டு பேருக்கும் பொதுவாகப் பெரிசாத் என்று ஓர் எழுத்தர். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பேசுவதில் ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

காலை முழுவதும் முற்றத்தில் கருவிகளை நட்டு வைத்துக்கொண்டு இருவரும் மல்லுக்கு நின்றார்கள். கொட்டகை எங்களுடையது என்றார் ஒருவர். கொட்டகை உங்களுடையதென்றால் சாணம் யாருடையது என்றார் மற்றவர். மத்தியானம் சைகல் பிலாவ் என்கிற இறைச்சிச் சோறு ஆக்கி உள்ளே கூப்பிட்டாள். சண்டை அங்கேயே நின்றது. வாசலுக்கு எதிரே, சுவரோரமாக ஓர் இடம் உண்டு, தோர் என்பார்கள். விருந்தாளிகளில் பெரியவர்தான் அங்கே உட்கார வேண்டும். (அகா என்றால் அண்ணன்.)

"ஹிக்மதுல்லா அகா, நீங்க மேல உக்காருங்க. மூத்தவரு நீங்க."

"அய்யய்யோ, அதெப்படி? இது உங்க எடம் தெமிர்பெக்."

"எங்க எடமா? இந்த வீடே உங்களதுதான் அகா!"

"சத்தியமா இல்ல. வீடு, வாசல், மரம், மட்டை எல்லாம் உங்களது. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்."

"அப்ப நான் செருப்பு விடற எடத்துல உக்காருவேன். பாத்துக்கங்க."

இரண்டு பேரும் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள். அதுதான் வினை. இருபது நிமிடம் இது நடந்தது. பெரிசாத் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். கடைசியில் பிலாவ் ஆறுகிறதே என்று பொறுக்க முடியாமல் எர்காஷே போய்த் தோரில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிட்டு, தேநீர் குடித்து, உண்ட மயக்கத்தில் பெரிசாத் நீட்டிய தாள்களில் இருவரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தத் தாள்களின்படி, வீட்டை உஸ்பெக் தரப்புக்கு விட்டுக்கொடுப்பதாகக் கிர்கிஸ் தரப்பும், கிர்கிஸ் தரப்புக்கு விட்டுக்கொடுப்பதாக உஸ்பெக் தரப்பும் உறுதி கூறியிருந்தன. சத்தியம் செய்ததுகூடப் பதிவாகியிருந்தது.

5

(கட்டுரைக்கான குறிப்பு: ஒரு நிலத்துக்காக இரண்டு அரசுகள் அடித்துக்கொள்வது வழக்கம். இரண்டும் வேண்டாமென்று சொன்ன நிலத்துக்கு என்ன பெயர் என்று தேடினேன். நான் பார்த்த புத்தகங்களில் இல்லை.)

கையெழுத்தான காகிதம் கையெழுத்தான காகிதம்தான். கிழக்கே ஒரு முள்வேலி வந்தது, மேற்கே ஒரு முள்வேலி வந்தது, நடுவில் வீடு. ஆளுக்கொரு வாயில். சைகல் கிழக்கே போய்ச் சந்தை பார்த்தாள், எர்காஷ் மேற்கே போய்த் தம்பியைப் பார்த்தான், சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிச் சண்டை போட்டார்கள்.

"ரெண்டே பேரு இருக்கற நாடு. தேர்தல் வச்சா ஆளுக்கொரு ஓட்டு. ஆட்சியே அமைக்க முடியாது" என்றான் எர்காஷ்.

"மாட்டுக்கும் ஓட்டு குடு. வீட்டுல ஒழைக்கறது அது ஒண்ணுதான்."

எட்டு மாதம் இப்படிப் போனது. இந்த எட்டு மாதத்தைப் பத்துப் பக்கம் எழுதலாமென்றுதான் எனக்கு ஆசை. ஆனால் குழுவின் மேலதிகாரிகள் முந்திக்கொண்டார்கள். தவறு கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மறு அளவை. அன்றே வீட்டை ஏதாவது ஒரு பக்கம் சேர்த்தாக வேண்டும். கூடவே ஓர் உத்தரவு: அளவையர்கள் வீட்டுக்குள் நுழையவோ, அந்த வீட்டில் எதையும் உண்ணவோ கூடாது. வயிறு காலியாக இருந்தால்தான் நாட்டுப்பற்று ஒழுங்காக வேலை செய்யும் என்ற விஷயத்தில் இரண்டு தரப்பும் முதல் தடவையாக ஒத்துப்போயின.

6

புதன்கிழமை சைகல் வந்தபோது என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. படித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: வீடு கிழக்கே போகிறது. எர்காஷ் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு

இரண்டாம் முடிவு: வீடு மேற்கே போகிறது. சைகல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு

"யாராவது ஒருத்தர் பெட்டியத் தூக்குனாத்தான் ஒனக்குக் கத முடியுமா?"

அப்போதே உட்கார்ந்து மூன்றாவது ஒன்று எழுதினேன். அதில் மேலதிகாரிகள் மனம் திருந்துகிறார்கள். அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் வேறாகிவிட்டது. முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ எந்த நாட்ட வேணா எழுதிக்க தம்பி. எனக்கு அந்தாளு பக்கத்துல இருக்கணும். கொறட்டையோட."

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று பக்கக் கட்டுரைக்காக ஒரு வீட்டை மேஜைமேல் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"அப்ப வெள்ளிக்கெழம என்ன செய்யறதா இருக்கீங்க எஜே?" என்றேன். எஜே என்றால் அக்கா.

"அவங்கதான் உள்ள வரக்கூடாது. ரொட்டி வெளிய வரலாமில்ல?"

நீட்டிய ரொட்டியை இங்கே யாரும் மறுப்பதில்லை. ஜென்மப் பகையாளியும் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் போவான். பிய்த்துவிட்டால் அவன் அந்த வீட்டு உப்பைத் தின்றவன்; அந்த வீட்டைப் பிரிக்க அவனுக்குக் கை வராது. மறுபடியும் உங்களது, இல்லை உங்களது என்றுதான் தொடங்க வேண்டியிருக்கும். தின்றால் அவர்களுக்கு வேலை போகலாம். தின்னாவிட்டால் பிறகு இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் போய் உட்காருவார்கள்?

7

வெள்ளிக்கிழமை காலை. எர்காஷ் விடியும் முன்பே எழுந்து மாவு பிசைந்திருக்கிறான். உப்பு அதிகம் என்று சைகல் சொல்ல, குதிரைக்காரிக்கு என்ன தெரியும் என்று அவன் சொல்ல, வழக்கம்போல் நடந்திருக்கிறது.

தெமிர்பெக் கிழக்கு வாயில் வழியாகவும் ஹிக்மதுல்லா மேற்கு வாயில் வழியாகவும் வந்து, முற்றத்தின் நடுவில், வீட்டைப் பார்க்காமல் நிற்கிறார்கள். பெரிசாத் நோட்டைத் திறக்கிறாள். சைகல் வெளியே வருகிறாள். முறைப்படி இரண்டு கையாலும் ரொட்டியை ஏந்தி அவர்கள் முன்னால் நீட்டுகிறாள்.

"வாங்க. உள்ள வர வேணாம். ஒரு விள்ளல் போதும்."

ஹிக்மதுல்லா தெமிர்பெக்கைப் பார்க்கிறார். தெமிர்பெக்கின் கை பாதி உயர்ந்திருக்கிறது. பிய்ப்பதற்கா, வேண்டாமென்று சொல்வதற்கா என்பதை நான் எழுதப் போவதில்லை. இந்த வீட்டின் மேல் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கோடு போட்டுவிட்டார். இரண்டாவது ஆளாக நான் இருக்க மாட்டேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ரொம்ப நேரம் யோசிக்க வேண்டாம். ரொட்டி இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது. அவளுக்குக் கை சுடுகிறது.