மூன்றாவது கழுத்து

ரம்பத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது நிம்மதிதான். சித்தப்பா அதைச் செய்தித்தாளில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். தச்சு வேலை செய்கிறவர். "அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தைப் பிரித்து, ரம்பத்தை நாற்காலியில் விருந்தாளிபோலச் சாத்தி உட்கார வைத்தார்.

கூடத்தின் நடுவில் அப்பாவின் ஸ்டீல் கிட்டார் நாலு காலில் நின்றது. கிட்டார் என்றதும் தோளில் மாட்டுகிற சாமானை நினைத்துவிடக் கூடாது. இது ஒரு மேசை. மேசைமேல் படிக்கட்டுபோல மூன்று கழுத்துகள், ஒன்றைவிட ஒன்று சற்றே உயரமாக, ஒவ்வொன்றிலும் எட்டுக் கம்பிகள். பின்னால் நின்றுகொண்டு, இடது கையில் வழவழப்பான இரும்புக் கட்டையைக் கம்பிகள்மேல் வழுக்கவிட்டு, வலது கையால் மீட்ட வேண்டும். கழுத்துக்கு ஒரு சுருதி. பாட்டு மாறும்போது கை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாறிக்கொள்ளும். அப்பா வாரமெல்லாம் பஸ் ஓட்டுபவர். வார இறுதியில், விருந்துகளில் வாசிக்கிற ஒரு சின்னக் குழுவில் இதை வாசிப்பவர். ஆனால் அவர் கை மாறுவதெல்லாம் இரண்டு படிகளுக்குள்தான். அவர் வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்றாவது கழுத்து எதற்கும் உதவாது. மீட்டினால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல இரையும். ஏனென்றால் ஏழு வயதில் அவள் அதன்மேல் ஏறி மிதித்துவிட்டாள்.

இது குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வரலாறு. அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பா இருந்தது. நாற்காலி எட்டவில்லை. கிட்டார் மேசையில் ஒரு காலை வைத்தாள், கம்பிகள் காலடியில் ஒரே ஓலமாக ஓலமிட்டன, அவள் டப்பாவோடு கீழே விழுந்தாள். அந்த நேரம் பார்த்தா அத்தை வீட்டில் இருக்க வேண்டும்? "போச்சு, கிட்டாரை மிதிச்சே கெடுத்துட்டா" என்று அத்தை வாசல்வரை கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் பெயர் மிதிச்சவ. பள்ளியில் முதலாவதாக வந்தபோது, "யாரு, நம்ம மிதிச்சவளா?" அந்தப் பரம்பரையிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியபோது, "மிதிச்சவ பட்டம் வாங்கிட்டாளாமே." லிஃப்டுகளின் இரும்புக் கயிறுகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை கிடைத்தபோது அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "பாரு, கம்பியை மிதிச்ச பாவம், கடைசியில கம்பிகிட்டயே கொண்டுபோய் விட்டுடுச்சு." ராத்திரி பகல் பாராமல் படித்து வாங்கிய காகிதத்தை ஒரு பிஸ்கட் டப்பா தோற்கடித்துவிட்டது. சிரிக்கிறவர்கள் பல்லை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்போல் இருக்கும் அவளுக்கு. கழற்றவில்லை. படித்த பெண் அல்லவா, பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ரெண்டு அடி போட்டிருந்தால் அன்றோடு கணக்கு தீர்ந்திருக்கும். அவர் அந்தக் கழுத்தின்மேல் ஒரு நீலத்துணியைப் போர்த்தினார். அந்தத் துணியை மாதாமாதம் துவைத்துப் போடுவது அவள் வேலை. வீட்டுக் கூடத்தில் மட்டும் அவள் இன்றுவரை குதிகால் தரையில் படாமல்தான் நடக்கிறாள். அது அவளுக்கே பல வருடம் தெரியாது. கூட வேலை பார்க்கிறவள் ஒருநாள் வீட்டுக்கு வந்துவிட்டு, "உங்க வீட்டுல யாராவது தூங்கறாங்களா?" என்று கிசுகிசுத்தபோதுதான் தெரிந்தது.

இப்போது அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. பஸ் இருக்கை பாதி, கிட்டார் பாதி. பெட்டியோடு அதைத் தூக்குவது, தூங்குகிற பத்து வயதுப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. டாக்டர் கனம் தூக்காதே என்றார். அப்பா வாசிப்பதை விடமாட்டேன் என்றார். சித்தப்பாதான் தீர்ப்பு சொன்னார்: "ஓடாத சக்கரத்தை எதுக்கு வண்டியில கட்டி இழுக்கறே? மூணாவதை வெட்டி எறி. மூணுல ஒரு பங்கு பாரம் குறையும்."

அவளுக்கு அது தேனாகக் காதில் விழுந்தது. வெட்டட்டும். துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போடட்டும். சாட்சியே இல்லாவிட்டால் அத்தை எதைக் காட்டிச் சிரிப்பாள்?

"கம்பியை நான் கழட்டறேன்" என்றாள்.

"கழட்டு இன்ஜினியரம்மா. உன் கையால ஆரம்பிச்சது, உன் கையாலயே முடியட்டும்" என்றார் சித்தப்பா. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் நன்றாகக் குத்தியது.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

துணியை எடுத்தாள். கம்பியை முறுக்குகிற சாவிகளைத் தளர்த்தி ஒவ்வொரு கம்பியாக உருவினாள். கம்பிகள் இரண்டு முனையிலும் உலோகப் பட்டையில் அறுத்த பள்ளங்களில் உட்கார்ந்திருந்தன. உட்கார்ந்திருந்தன என்பதுகூடத் தப்பு. அப்பனின் செருப்பில் காலை விட்ட பிள்ளைபோலக் கிடந்தன. கடைசிக் கம்பியை உருவாமல் விரலால் பக்கவாட்டில் தள்ளினாள். நகர்ந்தது. மறுபக்கம் தள்ளினாள். நகர்ந்தது. அவள் கை அப்படியே நின்றது.

இதைத்தான் அவள் நாள் முழுக்கப் பார்க்கிறாள். லிஃப்டுக் கயிறு ஓடுகிற சக்கரத்தில் பள்ளம் கயிற்றைவிட அகலமாக இருந்தால் கயிறு அலையும், இரையும், தேயும். புகார் எழுதுகிறவர்கள் எப்போதும் கயிறு கெட்டது என்றே எழுதுவார்கள். அவள் போய்ப் பள்ளத்தைப் பார்ப்பாள். ஊரில் உள்ள சக்கரத்தையெல்லாம் குனிந்து பார்த்தவள், தன் வீட்டுக் கூடத்தில் இருந்ததை மட்டும் இத்தனை வருடம் துணி போட்டு மூடிவைத்திருந்தாள்.

சித்தப்பா ரம்பத்தை எடுத்துப் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஆச்சா?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா."

"என்ன, கடைசி ஆசை கேக்குதா அது?"

அவள் பேனாவைத் திருகி ரீஃபிலை உருவி, ஓரத்தில் இருந்த பள்ளத்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த பள்ளம் அதைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கடுத்தது இன்னும் சின்னது. எட்டும் அப்படியே வரிசையாக இறங்கின. மற்ற இரண்டு கழுத்துகளையும் பார்த்தாள். அங்கே கம்பிகள் பள்ளத்தைக் கவ்விக்கொண்டு கிடந்தன.

"இங்க வாங்க" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "மிதிச்சா வளையும். இல்ல, உடையும். எட்டுப் பள்ளமும் அளவெடுத்த மாதிரி ஒண்ணைவிட ஒண்ணு பெருசாகாது. இது செஞ்சவங்களே அறுத்தது."

சித்தப்பா குனிந்து பார்த்தார். தச்சுக்காரக் கண். சாவியின் துளையில் சுண்டுவிரல் நகத்தை விட்டார், மற்ற சாவிகளில் விட்டுப் பார்த்தார். "ஆமா. இந்தத் துளையும் பெருசு."

"இந்தக் கழுத்துக்கு இந்தக் கம்பியே இல்ல. தடிக் கம்பி போடணும். கனமான கீழ்ச்சுருதிக்குப் பாஸ் கிட்டார்னு ஒண்ணு உண்டு, அதை வாசிக்கிற ஆள் இல்லாத குழுவுக்காகச் செஞ்சிருக்காங்க. அந்த வேலையும் இதை வாசிக்கிறவர்தான் செய்யணும். இது பாஸ் கழுத்து."

அம்மா சமையலறை வாசலில் டீயோடு நின்றாள். "அதான் வந்த அன்னைக்கே அப்படிக் கத்துச்சா?" என்றாள் வெகு சாதாரணமாக.

யாரும் டீயை வாங்கவில்லை.

"வந்த அன்னைக்கா?" என்றாள் மகள்.

"ஆமா. கறகறன்னு. ஓட்டை சாமானைத் தலையில கட்டிட்டாங்கன்னு சண்டை போட்டேனே. இல்ல, வாசிக்க வாசிக்க சரியாயிடும்னாரு. அப்புறம் நீ மிதிச்சியா, சரி, இருந்ததும் போச்சுன்னு விட்டுட்டேன்."

அவள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். வீட்டுக்கு யாரும் கேட்காத ஒரு சாமானை, கலைந்துபோன ஏதோ ஹோட்டல் குழுவிடமிருந்து, மனைவி வேண்டாம் என்றும் வாங்கி வந்தவர். மூன்றாவது கழுத்தில் அப்போது கம்பியே இருந்திருக்காது. கிட்டார் என்றால் கிட்டார் கம்பி என்று மூன்றுக்கும் ஒரே கம்பியை மாட்டினார். ஒன்று இரைந்தது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தார். அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு குழந்தை அதன்மேல் ஏறி மிதித்தது. எவ்வளவு சௌகரியம்.

"அப்பா."

அவர் திரும்பினார். "நீ கெடுத்தேன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல பாப்பா."

"கெடுக்கலைன்னும் சொன்னதில்லையே."

சித்தப்பா ரம்பத்தை ஓசைப்படாமல் மறுபடி நாற்காலியில் சாத்தினார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. "சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். நாள் ஆக ஆக, இனிமே சொன்னா அசிங்கம்னு ஆயிடுச்சு."

அவளுக்குள் கோபம் கிளம்பி வந்தது. நல்ல, பழகிய, பதம்பார்த்த கோபம். ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது: நான் கெடுக்கலை. ஏழு வயதிலும் கெடுக்கலை, எட்டு வயதிலும் கெடுக்கலை. தலையில் சுமந்த பானையை யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டதுபோலக் கழுத்து தானாக நிமிர்ந்தது. சிரிப்பு வந்தது. கொஞ்சம் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிக்கிறாளே" என்றாள் அம்மா பயந்துபோய்.

"அத்தைக்குப் போன் போடுங்க" என்றாள். "ஸ்பீக்கர்ல."

அப்பா போட்டார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவர்போல நிதானமாக, நின்று நின்று சொன்னார். கம்பி தப்பு. மாட்டினது நான். வாங்கின அன்னைக்கே அப்படித்தான் இருந்தது. பிள்ளை ஒண்ணும் பண்ணலை.

"அப்ப இனிமே அவளை என்னன்னு கூப்பிடறது?" என்றாள் அத்தை.

"அவளுக்குப் பேர் இருக்கு" என்றார் அப்பா. "அதைச் சொல்லிக் கூப்பிடு." போனை வைத்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. வராது. அதை எதிர்பார்த்து நின்றால் கால்தான் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பின்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம். கடனாக இருக்கட்டும்.

கடைக்கு அவளே போனாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அளவு சொல்லித் தடிக் கம்பியாகக் கேட்டாள். கடைக்காரப் பெண், "பாஸுக்கா, ஸ்டீலுக்கா?" என்றாள். "ரெண்டுக்கும்" என்றாள் அவள், பெருமையாகவே.

சித்தப்பா சாவியைத் திருப்பினார், அவள் கம்பியைப் பள்ளத்தில் அமர்த்தினாள். ஒவ்வொன்றும் பூட்டில் சாவிபோலப் போய் விழுந்தது. "பாரம் குறைக்க வந்தேன், தடிக் கம்பியாப் போட்டு ஏத்திட்டுப் போறேன்" என்று சித்தப்பா அலுத்துக்கொண்டார். பெட்டிக்குச் சக்கரம் வைத்துத் தருவதாக ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

அப்பா பின்னால் வந்து நின்றார். இரும்புக் கட்டையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இத்தனை வருடம் வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்த கழுத்தை யாரோ தெரியாதவர் வீட்டுக் கதவுபோலப் பார்த்தார். பிறகு ஓரத்துத் தடிக் கம்பியைக் கட்டைவிரலால் ஒரே ஒருமுறை தட்டினார்.

இரைச்சல் இல்லை. கறகற இல்லை. மெதுவாக, அகலமாக, ஒரு பெரிய வண்டி தெருமுனையில் திரும்புவதுபோல அந்த ஒலி கூடத்துக்குள் வந்தது. அவள் குதிகால்கள் இரண்டும் தரையில் பட்டிருந்தன. அந்த ஒலி அங்கிருந்துதான் முதலில் அவளுக்குள் ஏறியது. அம்மா டீத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா கட்டையை மெல்ல வழுக்கவிட, ஒலி இன்னும் ஒரு படி மேலே ஏறி நின்றது. அப்போது வேறு எங்கிருந்தோ, சன்னமாக, கூடவே ஒன்று முனகத் தொடங்கியது. நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்காலியில் சாத்தி வைத்திருந்த ரம்பம், பல் முழுக்க வெளிச்சம் நடுங்க, தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.